தானாக மூடித் திறந்த பதினோராம் போர்ட்

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில், உறையவைத்த ரொட்டி சானாய் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்கிறேன். சாமான் வாங்கும் பிரிவு. மாவு, மார்ஜரின், பிளாஸ்டிக் பை, அட்டைப்பெட்டி இவை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஊழியருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அவர் போன மறுநாள் முதலாளி சர்வர் அறையின் சாவியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அப்பா தொடங்கிய கம்பெனியை இப்போது நடத்துபவர் அவர், என்னைவிட இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்கா, பிரிண்டர்லாம் நீங்கதானே சரி பண்றீங்க. வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் இதையும் கொஞ்சம் பாத்துக்குங்க லா.”

பிரிண்டரில் சிக்கிக்கொண்ட தாளை நான் இழுத்து எடுப்பதைத்தான் அவர் ‘சரி பண்ணுவது’ என்றார். அதை எடுத்துச் சொல்வதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். வேறு ஆள் கிடைக்கவே இல்லை.

அந்த அறை முன்பு ஸ்டோராக இருந்தது. உள்ளே ஏர்கான் எப்போதும் ஓடும். இரும்புச் சட்டத்தில் ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி இருக்கும். அதன் பெயர் சுவிட்ச் என்று தெரிந்தபோது எனக்குக் குழப்பம்தான். எனக்குத் தெரிந்த சுவிட்ச் விளக்குப் போடுவது. இதன் முகத்தில் வரிசையாகத் துளைகள். துளையைப் போர்ட் என்கிறார்கள். தொழிற்சாலையில் உள்ள ஒவ்வொரு கணினியிலிருந்தும், பிரிண்டரிலிருந்தும், மேசைத் தொலைபேசியிலிருந்தும் ஒரு நீலக் கம்பி எங்கெங்கோ சுவருக்குள் புகுந்து கடைசியில் இங்கே வந்து ஒரு துளைக்குள் முடியும். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. காலையில் கதவைத் திறந்து பார்ப்பேன். பச்சை மின்னிக்கொண்டிருந்தால் பூட்டிவிட்டு வந்துவிடுவேன். எனக்குத் தெரிந்த நெட்வொர்க் நிர்வாகம் அவ்வளவுதான்.

என் தோழியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவள் பேக்கிங் பகுதியின் சூப்பர்வைசர். பெம்பான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். கல்யாணமாகி இருவருமே புக்கிட் பெருவாங்கில் ஒரே தாமான் குடியிருப்புக்கு வந்தது தற்செயல். ஒரே தொழிற்சாலையில் வேலை பார்ப்பது தற்செயல் இல்லை. அவள்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டாள். காலையில் அவள் காரில்தான் போவோம். அவள் ஓட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து, சிக்னலில் நிற்கும்போது அவளுக்கு ஊட்டாத குறையாக நீட்டுவேன். அவள் குரல் பெரியது. கோபமாக இருக்கிறாளா மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது.

அவளுடைய பகுதியில் பெரும்பாலும் நேப்பாளத்துப் பெண்கள். ரொட்டியைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, லேபிள் ஒட்டிக் குளிர் அறைக்குத் தள்ள வேண்டும். லேபிள் பிரிண்டர் சர்வரிடம் கேட்டுத்தான் அச்சடிக்கும். லேபிள் இல்லாத பெட்டியைக் குளிர் அறையில் ஏற்ற மாட்டார்கள். வெளியே நின்றால் மாவு வியர்த்து இளகிவிடும். அதனால் நெட்வொர்க் நின்றால் முதலில் வாய் திறப்பவள் அவளாகத்தான் இருப்பாள்.

ஒரு நாள் காலை எல்லாமே நின்றுவிட்டது. பேக்கிங் மட்டுமல்ல, அலுவலகக் கணினிகள், தொலைபேசி, கைரேகை வைக்கும் கருவி, எல்லாம். சர்வர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். விளக்குகள் அணைந்திருக்கவில்லை. பச்சையாகத்தான் இருந்தன. ஆனால் வழக்கம்போல ஆளுக்கொரு நேரத்தில் மின்னாமல், எல்லாம் சேர்ந்து ஒரே துடிப்பாகத் துடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அது நல்லதா கெட்டதா என்றே புரியவில்லை. எல்லா விளக்கும் சுறுசுறுப்பாக இருக்கிறதே, அப்புறம் ஏன் ஒன்றும் வேலை செய்யவில்லை?

தோன்றியபடி கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினேன். எதையோ பிடுங்கியபோது துடிப்பு சட்டென்று அடங்கியது. கூடத்திலிருந்து யாரோ “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று கத்தினார்கள். அதற்குள் என் கையில் நாலைந்து கம்பிகள் இருந்தன. எதைப் பிடுங்கியதால் சரியானது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக மறுபடி செருகினேன். எல்லாவற்றையும் செருகி முடித்தும் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகவே ஓடியது.

“என்ன பண்ணீங்க அக்கா?” என்று முதலாளி கேட்டார்.

“கழட்டி மாட்டினேன்.”

“சூப்பர் லா.”

மறுநாளும் அதேபோல் நின்றது. அதற்கு மறுநாளும். மூன்றாம் தடவை நான் கழற்றி மாட்டியது பலிக்கவில்லை. பிறகு அதுவாகவே சரியாயிற்று. முதலாளி கடைக்காரரை வரவழைத்தார். கணினிச் சாமான் விற்கும் கடை, மலாக்கா ராயாவில். அவர் தமிழர், என்னை மேடம் என்றார். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டே விளக்கினார்.

“இது ஸ்டார்ம் மேடம். புயல். எல்லா மெஷினும் அப்பப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு சத்தம் குடுக்கும், ‘பிரிண்டர் எங்க இருக்க, சர்வர் எங்க இருக்க’ன்னு. அதுக்குப் பேரு பிராட்காஸ்ட். சுவிட்ச் அத எல்லாத் தொளைக்கும் அனுப்பும். எங்கயாச்சும் வயரு சுத்திக்கிட்டுத் திரும்பி அதே எடத்துக்கு வந்துச்சுன்னா, போன சத்தம் திரும்பி வரும். திரும்பி வந்தத மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அதுவும் திரும்பி வரும். அப்புறம் வேற பேச்சுக்கே எடமில்ல.”

“யாரு கத்தறா?”

“யாரும் கத்தல மேடம். ஒருத்தர் ஒரு தடவ கூப்பிட்டதுதான்.”

நான் தலையாட்டினேன். புரியவில்லை. யாரும் கத்தவில்லை என்றால் அது எப்படிப் புயலாகும்?

அவர் தன் மடிக்கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். போர்ட்டுகளின் எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் புயல் கட்டுப்பாடு என்று ஒரு கட்டம். அதில் ‘ஆட்டோ’ என்று தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு போர்ட்டிலும் சாதாரணமாக எவ்வளவு சத்தம் வருகிறது என்று பெட்டி தானே கவனித்துத் தானே ஓர் எல்லை வைத்துக்கொள்ளுமாம். எல்லை தாண்டினால் அந்த ஒரு போர்ட்டை மட்டும் மூடிவிடும். ஐந்து நிமிடம் கழித்துத் தானே திறந்து பார்க்கும். இன்னும் புயல் அடித்தால் திரும்ப மூடும்.

“இனிமே நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம் மேடம். எல்லாம் ஆட்டோ.”

அவர் சொன்னதில் எனக்கு முழுதாகப் புரிந்த வாக்கியம் அது ஒன்றுதான். அதனால் அதை நம்பினேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒன்றும் நிற்கவில்லை. தொலைபேசி, கைரேகைக் கருவி எல்லாம் ஓடின. நான் மாவு சப்ளையரோடு பேசிக்கொண்டிருந்தபோது தோழி உள்தொலைபேசியில் அழைக்காமல் நேரே படியேறி வந்தாள். தலையில் வலைத்தொப்பி, முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

“என் லைன் மட்டும் நின்னுச்சு. லேபிள் வரல.”

நான் அவளோடு இறங்கிப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிரிண்டர் லேபிள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

“ஓடுதே.”

“இப்ப ஓடுது. இப்பத்தான் நின்னுச்சு.”

அன்று பிற்பகலிலும் அப்படியே. அவள் வந்து சொல்வாள், நான் போவேன், ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தடவை நான் போனபோது உண்மையாகவே நின்றிருந்தது. நான் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்று அதன் மூடியைத் தொட்டேன். உடனே ஓடத் தொடங்கியது. பெண்கள் கைதட்டினார்கள். நான் எதுவும் செய்யவில்லை என்று மலாயில் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. தோழி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“நீ வந்தா ஓடுது. நீ போனா நிக்குது. என்னா இது?”

கடைக்காரர் காட்டிய அந்தப் பக்கத்தை என் கணினியில் திறந்து பார்த்தேன். பதினோராம் போர்ட் புயலால் மூடப்பட்டது, திறக்கப்பட்டது, மூடப்பட்டது, திறக்கப்பட்டது என்று இருந்தது. பதினொன்று பேக்கிங். கம்பியிலேயே முன்பிருந்தவர் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தார்.

“அப்ப பேக்கிங்ல யாரோ வயர நோண்டுறாங்க.”

“அப்படித்தானான்னு தெரியல பாஸ்.”

“ஸ்கிரீன்லயே போட்டுருக்கே அக்கா.”

அவர் நேரே பேக்கிங் பகுதிக்குப் போனார். எல்லாப் பெண்களும் நிற்கும்போதே, பிரிண்டர் கம்பியை யாரும் தொடக்கூடாது, தொட்டது யாரென்று தெரிந்தால் நடவடிக்கை எடுப்பேன் என்று மலாயில் சொன்னார். பிறகு தமிழில் தோழியிடம், “உங்க ஆளுங்கள நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

“என் புள்ளைங்க அதெல்லாம் தொடமாட்டாங்க பாஸ்” என்றாள் அவள். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. பெட்டிகள் வெளியே அடுக்கி நின்றிருந்தன. அடியில் இருந்தவற்றின் அட்டை ஈரத்தில் கறுத்துவிட்டிருந்தது.

மாலையில் அவள் ரேடியோவை அணைத்துவிட்டுக் காரை ஓட்டினாள். செங் பக்கம் வாகன நெரிசலில் நின்றபோதுதான் கேட்டாள்.

“உன் பொட்டி ஏன் என் லைன மட்டும் மூடுது?”

“நான் மூடல. அது தானா மூடுது.”

“தானா மூடுதுன்னா, அதுக்கு என் மேல என்னா கோவம்?”

கடைக்காரர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் கூப்பிட்டது திரும்பி வரும், திரும்பி வந்தது மறுபடி போகும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தாள். மறுநாள் விடியும் முன் செய்தி அனுப்பியிருந்தாள்: “எனக்கு வேற எடத்துக்குப் போகணும். நீ அவர்கூட வந்துரு.” அவர் என்றால் என் கணவர். அந்த வாரம் முழுக்க அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். அவளுடைய கார் எங்களுக்கு முன்னாலேயே தொழிற்சாலையில் நின்றிருக்கும்.

கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆட்டோ எல்லை கூடுதலாக இருக்கலாம், கையால் குறைத்து வைத்தால் புயல் வளரும் முன்பே அடங்கிவிடும் என்றார். குறைத்தேன். புயல் இல்லாத நேரத்திலும் கணினிகளால் பேக்கிங் பிரிண்டரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ‘பிரிண்டர் எங்கே’ என்று கூப்பிடுவதையே பெட்டி புயல் என்று எடுத்துக்கொண்டது. மறுபடி அழைத்தேன். அப்படியென்றால் ஆட்டோவே சரி என்றார். ஆட்டோவில் வைத்தேன். மறுபடி மூடித் திறந்தது.

இதில் எது நோய், எது மருந்து என்றே எனக்குப் பிடிபடவில்லை. புயல் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறதா, இல்லை இந்தப் பெட்டிதான் சும்மா இருந்த போர்ட்டை மூடிமூடித் தொல்லை கொடுக்கிறதா? நான் பார்த்த வரைக்கும் பேக்கிங்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருக்கும் இடத்தை ஒரு கருவி குற்றம் சொல்கிறது. அதை நம்புவதா, பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்த ஒருத்தியை நம்புவதா? கருவிக்குப் பொய் சொல்ல வேண்டிய காரணம் இல்லை. அவளுக்கும்தான் என்ன காரணம் இருக்க முடியும் என்று நினைத்தேன்.

கடைசியில் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பதினோராம் போர்ட்டில் மட்டும் புயல் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். பெட்டியின் மேல் தப்பென்றால் இனிமேல் ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு. காலைத் தேநீர் நேரத்தில் தொழிற்சாலை முழுவதும் நின்றுபோயிற்று. சர்வர் அறையில் எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தன. இந்தத் தடவை நான் மற்றதைத் தொடாமல் பதினொன்றை மட்டும் பிடுங்கினேன். உடனே அடங்கியது. கட்டுப்பாட்டை மறுபடி ஆட்டோவில் வைத்துவிட்டுப் பதினொன்றைத் திரும்பச் செருகினேன்.

புயல் உண்மை. அது அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது. இவ்வளவு தெளிவாக ஒன்று தெரிந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் கம்பி எங்கே போகிறது? ‘பேக்கிங்’ என்று எழுதியிருந்ததை எல்லோரும் நம்பினோமே தவிர, அதன் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

பராமரிப்புப் பிரிவில் ஒரு மலாய்க்கார அண்ணன் இருக்கிறார். அவரிடம் ஏணி கேட்டேன். கம்பியைத் தொடர்ந்து போனோம். தாழ்வாரம் முழுக்கக் கூரையோரமாகப் போய், பேக்கிங் பகுதியின் மேற்கூரைத் தட்டிக்குள் புகுந்தது. அவர் தட்டியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்தார்.

“சீனி அட சத்து கோத்தாக் கெச்சில், காக்” என்றார். இங்கே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அக்கா.

உள்ளங்கை அளவுப் பெட்டி. பதினோராம் கம்பி அதில் வந்து சேர்ந்து, அங்கிருந்து பல கம்பிகளாகப் பிரிந்தது. மூன்று கம்பிகள் பிரிண்டர்களுக்கு இறங்கின. இரண்டு கம்பிகள் எதிர்ப்பக்கம் போய்ச் சுவரைத் தாண்டி அந்தப்புறம் இறங்கின.

“அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

அவர் ஏணியிலிருந்தே என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் உடை மாற்றும் அறை. தான் வர முடியாது என்றார்.

நான் மட்டும் போனேன். பேக்கிங் பெண்கள் ஒரே நேரத்தில் இடைவேளை எடுப்பதில்லை. பாதிப்பேர் லைனில் நிற்க, மீதிப்பேர் வருவார்கள். உள்ளே நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. எல்லோர் கையிலும் தொலைபேசி. லாக்கர் அலமாரியின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. துண்டுக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் மின்னியது.

துண்டை எடுத்தேன். வீட்டில் வைத்திருப்போமே, அந்த மாதிரி ஒரு வைஃபை பெட்டி. அதன் பின்னாலிருந்து இரண்டு கம்பிகள் இறங்கிச் சுவரில் பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு சாக்கெட்டுகளில் செருகியிருந்தன. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஒரு கம்பியில் போனது வைஃபை பெட்டியைச் சுற்றி இன்னொரு கம்பியில் மேலே போய், அந்தச் சின்னப் பெட்டியில் மறுபடி கலந்து, திரும்ப இறங்கி, திரும்ப ஏறி. யாரும் கத்தவில்லை. ஒரு தடவை கூப்பிட்டதுதான்.

அந்தப் பெண்களில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாடம், ஜாங்ஙான் மாரா காக்” என்றாள். அக்காவைத் திட்டாதீர்கள். காக் என்று அவள் சொன்னது யாரை என்று எனக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. அதற்குள் தோழியே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

“என் வீட்டுதுதான்” என்றாள். “பழசு. சும்மா கெடந்துச்சு.”

அவள் சொல்லித்தான் மற்றது தெரிந்தது. என் கையைப் பிடித்த அந்தப் பெண்ணுக்கு ஊரில் ஒரு மகள். குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் இருந்த நாட்களில் இவள் லைனில் நின்றபடியே அழுதிருக்கிறாள். கையில் இருந்த டேட்டாவெல்லாம் தீர்ந்துபோயிற்று. அலுவலக வைஃபை தொழிலாளர்களுக்குக் கிடையாது. தோழி தன் வீட்டுப் பெட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து சாக்கெட்டில் செருகிக் கொடுத்தாள். இடைவேளையில் போடுவார்கள், முடிந்ததும் அணைத்துவிடுவார்கள். பல மாதமாக ஒரு தொல்லையும் இல்லை. பிறகு எல்லாப் பெண்களும் பேசத் தொடங்கினார்கள். திரையில் முகம் நின்று நின்று வந்தது.

“ரெண்டு ஒயர் போட்டா லைன் நல்லா வரும்னு நெனச்சேன்” என்றாள். “போட்டேன். அன்னையிலருந்து சுத்தமா வரவே இல்ல.”

“அப்ப எடுத்துட வேண்டியதுதானே?”

“அதான் ஃபேக்டரி முழுக்க லைன் இல்லையே! எல்லாருக்கும் போச்சு, எங்களுக்கும் போச்சுன்னு நெனச்சேன். புது பொட்டி வந்தாலும் சரியாவல. நீ வேற தானா மூடுது, தானா தொறக்குதுங்கற. இவளுங்களும் இன்னிக்கு வரும் இன்னிக்கு வரும்னு தெனமும் போட்டுப் போட்டுப் பாக்கறாளுங்க.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் அவளைக் கேட்கவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் பேசிய அன்று அவள் குரல் ஏன் சின்னதாயிற்று என்பதற்கு இப்போது வேறோர் அர்த்தம் வந்தது. கார் தனியாகப் போனதற்கும். அவள் என்மேல் கோபமாக இருந்தாளா, என்னிடமிருந்து ஒளிந்துகொண்டாளா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அவள் முன்னால் முட்டாளைப்போல நின்றேன்.

குனிந்து இரண்டு கம்பிகளில் ஒன்றைப் பிடுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் தொலைபேசியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

“அஞ்சு நிமிஷம்” என்றேன். “அதுவா தொறக்கும்.”

சொல்லும்போதே திறக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. சுவரில் சாய்ந்து நின்றோம். லைனுக்குத் திரும்ப வேண்டிய நேரமாகியும் யாரும் போகவில்லை, தோழியும் விரட்டவில்லை. பிறகு ஒரு தொலைபேசி டிங் என்றது. அடுத்து இன்னொன்று. அப்புறம் எல்லாத் தொலைபேசிகளும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கின. இத்தனை நாள் வந்து சேராமல் கிடந்த செய்திகள், படங்கள், குரல்பதிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து திரையை நெற்றியோடு வைத்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் லேபிள் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

“பாஸ்கிட்ட சொல்லப் போறியா?” என்றாள் தோழி.

“தெரியல” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. சொன்னால் அவள் வேலைக்கு என்னாகும்? சொல்லாவிட்டால், பேக்கிங் பெண்கள் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். அன்று மாலை கணவரோடு வீட்டுக்குப் போனேன். சோறு போட்டுவிட்டுக் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். அவர் தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் கவனித்தேன்.

காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. அவள் கார். ஏறி உட்கார்ந்தேன். பொட்டலத்தை அவளே வாங்கி வைத்திருந்தாள்.

“நானே சொல்லிடறேன்” என்றாள். “நீ கூட வந்து நில்லு. பேசாத.”

நின்றேன். அவள் வலைத்தொப்பியோடு முதலாளியின் அறைக்குள் போய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். என் பெட்டி, என் ஒயர், புள்ளைங்க மேல தப்பில்ல. அவர் நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“நெட்டுக்காகவா?” என்றார் கடைசியில். “என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“கேட்டா குடுத்திருப்பீங்களா பாஸ்?”

அவர் பேனாவை மேசையில் போட்டார். வைஃபை பெட்டியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார். கடுமையாகவும் பேசினார், குளிர் அறைக்கு வெளியே வீணாகிப்போன ரொட்டிப் பெட்டிகளுக்குக் கணக்குச் சொன்னார். தோழிக்கு எச்சரிக்கை கிடைத்தது. ஆனால் அன்று மதியம் அவர் பேக்கிங் பகுதிக்குப் போய், முன்பு தான் நின்ற அதே இடத்தில் நின்று, யாரும் பிரிண்டர் கம்பியைத் தொடவில்லை, தான் தவறாகச் சொல்லிவிட்டதாக மலாயில் சொன்னார். பெண்களில் பாதிப்பேருக்கு அவர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை. தோழி சைகையால் விளக்கினாள்.

சில வாரம் கழித்துக் கேன்டீனுக்கு என்று தனி இணைய லைன் போட்டார்கள். இதையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கடைக்காரர் வந்து, புது சுவிட்சிலும் அதே கட்டங்களைத் திறந்து என் முன் வைத்தார்.

“எல்லை எவ்வளவு வைக்கணும் மேடம்? நீங்களே சொல்லுங்க, உங்களுக்குத்தான் இப்ப நல்லாத் தெரியுமே.”

எனக்குத் தெரியாது. குறைத்தால் கூப்பிடுபவர்களை அடக்கிவிடும். கூட்டினால் எல்லோரையும் மூழ்கடித்துவிடும். நடுவில் எது சரி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டோவே இருக்கட்டும் என்றேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார்.

போன வாரம் கேன்டீனில் மீ கோரிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் கையைப் பிடித்த பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். தொலைபேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினாள். திரையில் ஒரு சிறுமி. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் மலைச்சரிவு. அவள் கையில் ஒரு கோழிக்குஞ்சு. என்னைப் பார்த்து நேப்பாளியில் ஏதோ நீளமாகக் கேட்டாள், பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் முதலில் மலாயில், பிறகு தமிழில், சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா என்றேன். அவள் விடாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே அவள் கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடினாள். தாய் மேசையில் தலைவைத்துச் சிரித்தாள். நான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று கேட்டேன். அவளுக்கு மலாயில் அதைச் சொல்லத் தெரியவில்லை.